கம்பளி கொடுத்தார்கள், வீடு கொடுக்கவில்லை: தேயிலை மலைகளில் குளிரின் வரலாறு

மார்கழி பிறந்துவிட்டால் போதும், நாளிதழ்களில் ஊட்டியின் உறைபனிப் படம் வந்துவிடும். புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். யாராவது ஒருவர் பனியைக் கையில் அள்ளிக் காட்டுவார். பக்கத்துப் பத்தியில், குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளப் பத்து யோசனைகள் இருக்கும். சன்னல் இடுக்கை அடையுங்கள். தரையில் விரிப்புப் போடுங்கள். கூரைக்கு அடியில் பலகை அடியுங்கள். சுவரில் ஓதம் ஏறாமல் பூசுங்கள்.

நல்ல யோசனைகள்தான். ஆனால் அந்தப் பத்துக்கும் முன்னால் எழுதப்படாத நிபந்தனை ஒன்று இருக்கிறது. அந்தச் சன்னல், அந்தத் தரை, அந்தக் கூரை உங்களுடையதாக இருக்க வேண்டும். ஆணி அடிக்க இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டிய வீட்டை யாரும் குளிருக்குத் தயார் செய்ய முடியாது.

உறைபனி விழும் மலைகளிலும், மாதக்கணக்கில் மழை ஊற்றும் மலைகளிலும் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நம் மக்களுக்கு அந்த நிபந்தனை நிறைவேறவே இல்லை. அந்த வரலாற்றைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

சேரியிலும் மனை நமதில்லை

குளிருக்குத் தயாரான வீட்டைப் பற்றித் தமிழில் உள்ள பழைய சித்திரங்களில் ஒன்று நெடுநல்வாடையில் இருக்கிறது. வாடைக்காலத்து மாடங்களில் கதவுகள் அடைத்திருக்கின்றன. விசிறி வேலையின்றித் தொங்குகிறது. குளிர்ந்த நீரைக் குடிப்பாரில்லை. உள்ளே நெருப்பு மூட்டிக் காய்கிறார்கள். அதே பாட்டின் தொடக்கத்தில் மாடு மேய்க்கிறவர்களும் வருகிறார்கள். அவர்களுக்குக் கதவும் இல்லை, மாடமும் இல்லை. மழையில் நனைந்து, வெள்ளத்துக்குத் தப்பி மேட்டில் ஏறி, கையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டு நடுங்குகிறார்கள். குளிரை எப்படிச் சமாளிப்பது என்ற அறிவு இந்த மண்ணில் என்றும் இருந்தது. அது யார் வீட்டுக்குள் போனது, யார் வாசலில் நின்றுவிட்டது என்பதுதான் நம் கேள்வி.

மலைக்குப் போகுமுன் சமவெளியைப் பார்த்துவிடுவோம். 1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். 1892இல் வந்த அரசாணைக்கும், நாம் இன்றுவரை போராடிக்கொண்டிருக்கும் பஞ்சமி நிலங்களுக்கும் அதுவே அடிப்படை. விளைநிலம் பற்றி மட்டும் அவர் எழுதவில்லை. குடிசை நிற்கும் மனையைப் பற்றியும் எழுதினார். சேரியில் குடிசை போட்டிருக்கும் இடம்கூட மிராசுதாரின் கையில் இருந்தது. எதிர்த்துப் பேசினால், கூலி கூடக் கேட்டால், வேறு இடத்துக்கு வேலைக்குப் போனால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிட முடியும்.

எந்த நிமிடமும் பிரித்துக்கொண்டு போக வேண்டிய குடிசைக்கு யார் கல் சுவர் எழுப்புவார்கள்? சேரிக் குடிசைகள் ஏன் ஓலையும் மண்ணுமாக நின்றன என்று கேட்பவர்கள் வறுமையை மட்டும் பதிலாகச் சொல்கிறார்கள். வறுமை பாதிப் பதில்தான். காலுக்குக் கீழே உள்ள மண் நமதில்லை என்பது மீதிப் பதில்.

மலை ஏறியவர்கள்

இந்த மக்களைத்தான் தோட்டங்கள் அழைத்தன. 1830களில் இலங்கையின் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் விரிந்தபோது திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து ஆட்கள் போனார்கள். கடலைத் தாண்டி மன்னாரில் இறங்கி, மாத்தளைவரை காட்டு வழியே நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் இந்தப் பயணத்தை இன்னும் பெருக்கியது. போனவர்களில் பெரும்பான்மையினர் பறையர், பள்ளர், சக்கிலியர். அழைத்துப் போன பெரிய கங்காணிகளில் பலர் அவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கப்பலேறினாலும் சாதி கரையில் நிற்கவில்லை.

காப்பிக்குப் பருவம் உண்டு. பழம் பறிக்கிற மாதங்களில் வந்து, கூலியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் அன்று ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பியை அது அழித்துவிட்டது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்டிருந்தார். காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது.

பயிர் மாறியபோது குளிரும் மாறியது. தேயிலைக்கு அறுவடைப் பருவம் என்று தனியாக ஒன்று இல்லை. வாரத்துக்கொரு முறை அதே செடியில் கொழுந்து எடுக்க வேண்டும். வருடம் முழுக்க ஆள் வேண்டும். அதிலும் கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். வந்து போன ஆட்கள் குடும்பமாகத் தங்கினார்கள். முன்பு மலைக்குளிரில் சில மாதங்கள் தாக்குப்பிடித்தவர்கள், இப்போது அந்தக் குளிரிலேயே பிள்ளை பெற்று, அந்தக் குளிரிலேயே செத்தார்கள்.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேலே 6,000 அடிக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. சனவரி, பிப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். அட்டன் பக்கம் வைகாசி முடிந்தால் மாதக்கணக்கில் சாரலும் கூதலும். தமிழகத்திலும் இதே கதைதான். 1890களின் இறுதியில் கார்வர் மார்ஷ் ஆனைமலைக் காடுகளைத் திருத்தித் தோட்டமாக்கத் தொடங்கிய வால்பாறை, தமிழகத்திலேயே மிகுந்த மழை பெறும் இடங்களில் ஒன்று. தோட்டத்து மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் அந்த மலைகளில் தொழிலாளர் பட்டபாட்டை 1969இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். அது தமிழில் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் வந்து பலரையும் உலுக்கியது. கரிசலிலும் செம்மண்ணிலும் வெயிலில் வளர்ந்த மக்கள், ஒற்றைப் பருத்திச் சேலையோடும் வேட்டியோடும் இந்த மலைகளில் ஏறினார்கள்.

கம்பளி என்னும் முதல் கடன்

வந்தவர்களுக்குத் தோட்டம் கொடுத்த பொருள்களில் முக்கியமானது கம்பளி. ஆட்டு ரோமத்தில் நெய்த, முரட்டுத்தனமான, கறுப்புக் கம்பளி. வெள்ளைக்காரத் தோட்டக் கணக்குகளில் அரிசிக்குப் பக்கத்தில் 'கம்ப்ளி' என்று நம் சொல்லையே எழுதி வைத்தார்கள். பார்ப்பவர்களுக்குத் துரையின் கருணை போலத் தெரியும். அந்தக் கம்பளி இலவசமில்லை. அதன் விலை தொழிலாளியின் பற்றில் ஏறியது. ஊரில் வாங்கிய முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று கூலி பிறக்குமுன்பே கடன் பிறந்தது. குளிரே ஒரு கடன் சீட்டாக மாறியது.

கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. இலங்கையில் அதற்குத் 'துண்டு' என்று பெயர். இந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுகிறோம் என்று எழுதிய சீட்டு அது. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் ஆளோடு கூடவே போகும். ஊரில் ஆதிக்க சாதிக்காரர் முன்னால் தோளில் துண்டு போடக்கூடாது என்றிருந்தவர்களுக்கு, மலையில் கழுத்தில் மாட்டிய துண்டு இது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழிக்க வேண்டியிருந்தது. இந்தியப் பக்கத்திலும் நிலைமை வேறில்லை. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப்போவதைக் குற்றமாக்கிய 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1925இல்தான் நீக்கப்பட்டது. தோட்ட முதலாளிகளுக்காகவே சென்னை மாகாணத்தில் 1903இல் தனிச் சட்டமும் வந்தது. கம்பளிக் கடனோடு மலையிறங்கி ஓடியவரைத் தேடிக் காவல்துறை வர முடிந்த காலம் அது.

அந்த ஒரு கம்பளிக்கு எத்தனை வேலை என்று எண்ணிப் பாருங்கள். பகலில் அதுதான் மழைக்குத் தலையிலிருந்து முதுகுவரை போர்த்துவது. இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கம்பளி, அதன்மேல் கூடைக்கயிறு. மாலையில் நனைந்து கனத்துப்போன அதே கம்பளியை இரவில் பிள்ளைக்குப் போர்த்த வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அது அடுப்பருகில் காய்ந்தாக வேண்டும். உடம்புக்கான கம்பளியும் வீட்டுக்கான கம்பளியும் ஒன்றாக இருந்தால், வீடு என்று ஒன்று இல்லை என்றுதானே பொருள்?

லயத்தின் உள்ளே

லயம் என்பது ஒரு நீளமான கொட்டகை. அதைக் குறுக்குச் சுவரால் தடுத்தால் பத்துப் பன்னிரண்டு காம்பரா. ஒரு காம்பரா ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. சில இடங்களில் இரண்டு வரிசைகளை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டினார்கள். அப்படிக் கட்டினால் பின்சுவரில் சன்னல் வைக்க வழியே இல்லை. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். மகனுக்குக் கல்யாணம் ஆனால் இடையில் ஒரு சேலையைக் கட்டி இரண்டு குடும்பம். பல தோட்டங்களில் எந்தச் சாதிக்கு எந்த லயம் என்ற பிரிவினையும் இருந்தது. ஊரையும் சேரியையும் அப்படியே பெயர்த்து மலையில் வைத்தார்கள்.

இந்தக் கட்டடம் குளிருக்கு முன்னால் எப்படித் தோற்றது என்பதைப் பார்க்க வேண்டும். குளிர்ப் பிரதேசத்தில் ஒரு வீட்டுக்கு நான்கு விஷயங்கள் வேண்டும். ஈரம் ஏறாத உயர்ந்த தரை. சூட்டைப் பிடித்து வைக்கும் சுவர். கூரைக்கும் அறைக்கும் நடுவில் ஓர் உள்தளம். நெருப்பு எரியவும் புகை வெளியேறவும் ஒரு புகைபோக்கி. லயத்தில் மண் தரை. மழைக்காலத்தில் அது ஊறிக் குளிரும். தொடக்கத்தில் புல்வேய்ந்த கூரைகள் இருந்தன. பிறகு தகரம் வந்தது. புல் ஒழுகும், தீப்பிடிக்கும், ஆனால் ஓரளவு சூட்டைக் காக்கும். தகரம் அதைச் செய்யாது. வெயிலில் காயும், இரவில் வானத்துக்குச் சூட்டை விட்டுவிட்டுச் சில்லிட்டுப் போகும். உள்ளே ஏழெட்டுப் பேர் விடும் மூச்சும் அடுப்பில் கொதிக்கும் உலையின் ஆவியும் அந்தக் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிச் சொட்டும். வெளியே மழை நின்ற இரவிலும் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும் வீடு அது. தகரத்துக்கு அடியில் ஒரு பலகைத் தளம் அடித்திருந்தால் இது நின்றிருக்கும். துரையின் பங்களாவில் அடித்திருந்தார்கள்.

மிச்சம் இருந்தது அடுப்பு. கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலை மிலாறுதான் விறகு. பாதி ஈரம். எரிவதைவிடப் புகைவது அதிகம். புகையை வெளியே விடக் கதவைத் திறந்தால் கூதல் உள்ளே வரும். கதவை அடைத்தால் புகை உள்ளேயே நிற்கும். ஒவ்வொரு இரவும் ஒரு தாய் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். குளிரில் பிள்ளையின் நெஞ்சு அடைத்தாலும் குற்றம் அவள்மேல், புகையில் அடைத்தாலும் குற்றம் அவள்மேல். தோட்டங்களில் ஆட்களைக் கொன்ற பெரும் நோய்களில் வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழுவோடு நிமோனியாவும் இருந்தது. மருந்துப் புத்தகம் அதைக் கிருமி என்று எழுதும். கட்டடத்தின் பங்கை யார் எழுதுவது?

ஆனாலும் மக்கள் சும்மா இருக்கவில்லை. சாணமும் மண்ணும் குழைத்துத் தரையை மெழுகினார்கள். சுவர் வெடிப்பில் களிமண்ணை அப்பினார்கள். சாக்கைப் பிரித்துக் கதவிடுக்கில் தொங்கவிட்டார்கள். கிடைத்த பழைய தாளைச் சுவரில் ஒட்டினார்கள். அடுப்பைச் சுற்றித் தலைமாட்டை வைத்துப் படுத்தார்கள். சிறியவர்கள் நெருப்பருகில், பெரியவர்கள் கதவருகில். இதுதான் குளிருக்கு ஒரு வீட்டைத் தயார் செய்வது. இல்லாதவர்கள் செய்கிற தயாரிப்பு. இதற்குமேல் ஒரு சாய்ப்பு இறக்கவோ ஒரு சன்னல் திறக்கவோ தோட்டத்தின் அனுமதி வேண்டும். அந்தச் சுவர் தோட்டத்தின் சொத்து.

கணப்பு மூட்டியவர்கள்

அந்தக் காலத்தில் இவ்வளவுதான் முடியும் என்று சொல்பவர்கள் அதே மலையின் உச்சியைப் பார்க்கட்டும். ஊட்டியில் 1823இலேயே ஜான் சல்லிவன் கல்லில் வீடு கட்டிவிட்டார். கல் பங்களா என்று அதற்குப் பெயரே வந்தது. மலை நகரங்களின் பங்களாக்களில் கணப்பு இருந்தது, புகைபோக்கி இருந்தது, மரத்தளம் இருந்தது, கண்ணாடிச் சன்னலும் கனத்த திரையும் இருந்தன. ஆகவே மலையில் குளிருக்கு ஏற்ற வீடு கட்டத் தெரியாமல் லயம் கட்டப்படவில்லை. தெரிந்தே கட்டப்பட்டது.

அந்தக் கணப்புகளை மூட்டியவர்கள் யார்? விறகு சுமந்து, சாம்பல் அள்ளி, விடியுமுன் துரைசாணியின் அறையைச் சூடாக்கியவர்கள் யார்? சமையல்காரர்களாகவும் பட்லர்களாகவும் ஆயாக்களாகவும் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர்களில் நம் மக்கள் கணிசமானவர்கள். சாதி இந்துக்கள் தீட்டென்று தொடத் தயங்கிய அந்தச் சமையற்கட்டுகளில் நாம் நுழைந்தோம். கதகதப்பான வீடு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு விரல் நுனிவரை தெரியும். இரவில் அவர்கள் திரும்பிப் போன இடத்தில்தான் அது இல்லை.

இதே நீலகிரிதான் நம் அரசியலின் தொட்டில்களில் ஒன்று என்பதையும் மறக்கக்கூடாது. அயோத்திதாசப் பண்டிதர் இளமையில் வாழ்ந்து, அத்வைதானந்த சபையைத் தொடங்கிய மலை இது. இரட்டைமலை சீனிவாசனும் இங்கே வேலை பார்த்திருக்கிறார். 1891 டிசம்பர் 1 அன்று, குளிர் ஏறும் மாதத்தில், திராவிட மகாஜன சபையின் மாநாடு நீலகிரியில்தான் கூடியது. கல்வி, பொதுநீர், அரசு வேலை, இழிவுபடுத்துவோருக்குத் தண்டனை என்று பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றி அனுப்பினார்கள். ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே ஆண்டு. சமவெளியில் ஓர் ஆங்கில அதிகாரி நமக்காக எழுதிக்கொண்டிருந்தபோது, மலையில் நாமே நமக்காக எழுதிக்கொண்டிருந்தோம்.

சட்டத்தில் குளிர்

சுதந்திரத்துக்குப் பிறகு, 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவைப் படித்தவர்கள் குறைவு. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி வழங்க வேண்டும் என மாநில அரசு விதி செய்யலாம் என்றது அது. கடன் சீட்டாக வந்த கம்பளி சட்டத்தில் உரிமையாக ஏறியது. சிறிய வெற்றி இல்லை அது. சங்கம் கட்டி, அடிபட்டு, வேலை இழந்தவர்களின் ரத்தம் அதில் இருக்கிறது.

15ஆம் பிரிவு வீட்டைப் பற்றியது. தோட்டத்தில் தங்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு தந்து பராமரிப்பது முதலாளியின் கடமை என்றது அது. நல்ல வார்த்தைதான். ஆனால் இதிலேயே முடிச்சும் இருந்தது. வீடு தொழிலாளிக்குக் கிடைத்தது, மனிதருக்குக் கிடைக்கவில்லை. பெயர்ப்பதிவு இருக்கும்வரை வீடு இருக்கும். ஓய்வு பெற்றால், நோயில் படுத்தால், தோட்டம் மூடினால் அந்தக் கடமை முடிந்துவிடும். அதனால்தான் பல குடும்பங்களில் பிள்ளையின் படிப்பை நிறுத்தித் தோட்டத்தில் பெயர் பதிந்தார்கள். கூலிக்காக மட்டும் இல்லை, கூரையைக் காப்பாற்ற.

1981இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். புதிதாகச் சேர்ந்த பிரிவுகள் எதைப் பற்றியவை தெரியுமா? முதலாளி கொடுத்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ செத்தால் நட்டஈடு எப்படி என்பதைப் பற்றியவை. வீடு இடிந்து சாவது சட்டத்தில் தனிப் பிரிவு கேட்கும் அளவுக்கு வழக்கமான சங்கதியாக இருந்திருக்கிறது. அதிலும் இயற்கைச் சீற்றத்தால் இடிந்தால் முதலாளிக்குப் பொறுப்பில்லை என்று விலக்கு வைத்தார்கள். மழையையும் சரிவையும் தவிர மலையில் வீட்டை இடிக்க வேறு எது வரும்?

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. தூக்கத்திலேயே 70 பேர் போனார்கள். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். 2014 அக்டோபரில் இலங்கையின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் இதே போல லயங்கள் மண்ணுக்குள் போயின. எந்தச் சரிவில் வீடு கட்டுவது என்பதை அங்கே படுத்திருந்தவர்கள் தீர்மானிக்கவில்லை. நல்ல மண் செடிக்கு, மிச்ச இடம் ஆளுக்கு என்று என்றோ வேறு யாரோ தீர்மானித்தது அது.

பட்டா இல்லாத நூறு ஆண்டு

இனி மாஞ்சோலைக்கு வருவோம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கர் காட்டில் உருவான தோட்டங்கள் அவை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. ஐப்பசி, கார்த்திகையில் தமிழகத்திலேயே அதிக மழை பதிவாகும் இடங்களாக நாளிதழில் அடிக்கடி வரும் பெயர்கள்தான் ஊத்தும் நாலுமுக்கும். அட்டையும் சாரலும் கூதலும் சூழ, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையினர் தலித் மக்கள். கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் 1999 சூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போன ஊர்வலத்தைக் காவல்துறை தாமிரபரணிக்குள் விரட்டியது. குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். இது நமக்கு மறக்காது.

2024இல் அந்த மக்களுக்கு விருப்ப ஓய்வு என்ற பெயரில் வேலை முடிந்தது. வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய் என்ற பேச்சு வந்தது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. பாட்டன் மெழுகிய தரை, பாட்டி களிமண் அப்பிய சுவர், தாய் மூன்று பிள்ளைகளைப் போர்த்தி வளர்த்த காம்பரா. எதிலும் அவர்கள் பெயர் இல்லை. 1891இல் செங்கல்பட்டுச் சேரியில் மிராசுதார் சொன்ன அதே வார்த்தை. குடிசையைப் பிரித்துக்கொண்டு போ. சமவெளியில் விவசாயக் கூலிகளுக்குக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்க 1971இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. மலை லயத்தில் அப்படி ஒரு மாற்றம் நடக்கவே இல்லை.

இலங்கையில் இன்னும் கொடுமை. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. நாடில்லாதவருக்கு நிலம் எப்படிக் கிடைக்கும்? 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. லயத்தில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. இங்கே வந்தவர்களுக்காக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டான்டீ. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் மலைகளில் அவர்கள் மறுபடியும் கொழுந்து எடுத்தார்கள், மறுபடியும் தோட்டத்து வீட்டில் குளிர் காய்ந்தார்கள், ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற அச்சத்தோடு மறுபடியும் முதுமையை அடைந்தார்கள். கடல் தாண்டிப் போனபோதும் வீடில்லை. கடல் தாண்டி வந்தபோதும் வீடில்லை.

மலையகத்தில் எஞ்சிய நாடற்றவர்களின் குடியுரிமைக்கு 2003இல்தான் முழுமையான சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் தனி வீடு, காணி உரிமை என்ற பேச்சுக்கு வலு வந்தது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் திட்டமிடப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி, அதாவது 1,900 சதுர அடிக்குச் சற்றுக் கூடுதல். தேவையோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனாலும் கொள்கை சரியானது. லயத்தைப் பழுது பார்க்க வேண்டாம், நிலத்தைக் கொடு என்கிறது.

நாம் கேட்க வேண்டியது

தோழர்களே, ஒவ்வொரு குளிர்காலத்திலும் மலைக்குக் கம்பளி வழங்கும் விழா நடக்கிறது. மேடை போடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். கொடுப்பவர்களில் பலர் நல்ல மனத்தோடுதான் கொடுக்கிறார்கள். வாங்குகிற மூதாட்டிக்கு அது அன்றைய இரவில் உதவவும் செய்கிறது. அதை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆனால் அந்தக் கம்பளி நூறு ஆண்டுகளுக்கு முன் கணக்கில் எழுதிக் கொடுத்த கம்பளியின் பேத்திதான். விலை மட்டும் மாறியிருக்கிறது. அன்று விலை கடன், இன்று விலை நன்றி.

பட்டா இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் முதலில் தரையை உயர்த்துவாள். அடுத்த வருடம் தகரத்துக்கு அடியில் பலகை அடிப்பாள். மகன் அனுப்பும் பணத்தில் ஒரு புகைபோக்கி வைப்பாள். சன்னலுக்குக் கண்ணாடி போடுவாள். யாரும் யோசனை சொல்லத் தேவையில்லை. மற்றவர் வீடுகளைத் தலைமுறைகளாகச் சூடாக்கிய மக்களுக்கு அந்த வித்தை தெரியாதா என்ன?

தோட்டம் மூடினாலும், குத்தகை முடிந்தாலும், காடு காடாகவே திரும்பினாலும், அங்கே தலைமுறையாக உழைத்தவர்களுக்கு வாழ்ந்த இடத்திலோ அவர்கள் ஒப்புக்கொள்ளும் இடத்திலோ, பெண்ணின் பெயரில், விற்பனைக்கும் வெளியேற்றத்துக்கும் அஞ்சாத மனைப்பட்டா வேண்டும். வேலையோடு கட்டிய வீடு வேண்டாம். அடுத்த மார்கழியில் மாஞ்சோலையிலிருந்தும் கூடலூரிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வரும் கோரிக்கை மனுவில் முதல் வரியாக இதுவே இருக்கட்டும். கம்பளியை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.